பிறர் கையில் நீட்டப்படும் கைப்பேசி

வங்கிக் கிளைக்கு வருபவர்களில் பலர் இப்போது முகப்பில் பாஸ்புத்தகத்தை நீட்டுவதில்லை; கைப்பேசியை நீட்டுகிறார்கள். சித்தூர் மாவட்டக் கிளை ஒன்றில் நாங்கள் பணியாற்றிய காலத்தில், பால் பணம் கணக்கில் ஏறிவிட்டதா என்று பார்க்க மாதம் இருமுறை ஓர் அம்மையார் வருவார். செயலி அவர் கைப்பேசியிலேயே இருந்தது. இருப்பைப் பார்க்க அவர் ஐந்து கிலோமீட்டர் பேருந்தில் வரவேண்டிய தேவையே இல்லை. ஆனாலும் வருவார். கைப்பேசியை எங்களிடம் கொடுத்து, “நீங்களே அமுக்கிக் குடுங்க சார்” என்பார். அதன் பின்னுறையில், இரகசிய எண் நான்கு இலக்கங்களும் பேனாவால் எழுதப்பட்டிருந்தன.

“இப்படி எழுதி வைக்கலாமா அம்மா?” என்று கேட்டோம். “பேரன் வேணும்னு கேப்பான், கடைக்காரர் கேப்பார். ஒவ்வொரு வாட்டியும் சொல்லறதுக்கு எழுதி வெச்சிட்டேன்” என்றார்.

இரகசிய எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று நாங்கள் கிளைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தோம், குறுஞ்செய்தியும் அனுப்பினோம். அந்த அறிவுரை சரியானதே. ஆனால் பிறர் துணையின்றிப் பயன்படுத்தவே முடியாத ஒரு கருவியைக் கையில் கொடுத்துவிட்டு, பிறரிடம் இரகசியத்தைச் சொல்லாதே என்று கூறுவதில் எவ்வளவு பொருள் இருக்கிறது? பாதுகாப்புக் குறைபாடு அந்த அம்மையாரின் கவனக்குறைவில் தொடங்கவில்லை, திரையின் வடிவமைப்பிலேயே தொடங்கிவிட்டது என்று எங்களுக்குத் தோன்றியது. பல்கலைக்கழகங்கள் பல ஆண்டுகளாக இதை ஆராய்ந்து வருகின்றன. அவற்றுள் ஓர் ஆய்வுக்குக் களம் தந்தது இதே சித்தூர் மாவட்டம்தான்.

ஆந்திரம், தமிழ்நாடு, கர்நாடகம் ஆகிய மூன்று மாநிலங்களும் சந்திக்கும் மூலையில் குப்பம் இருக்கிறது. தெலுங்கும் தமிழும் கன்னடமும் ஒரே சந்தையில் ஒலிக்கும் ஊர். திராவிட மொழிகளுக்கென 1997இல் நிறுவப்பட்ட திராவிடப் பல்கலைக்கழகம் அங்கே அமைந்திருப்பது பொருத்தமே. 2002ஆம் ஆண்டு பிப்ரவரியில், ஹியூலட் பேக்கர்டு நிறுவனம் ஆந்திர அரசுடன் சேர்ந்து குப்பத்தில் ‘ஐ-கம்யூனிட்டி’ என்னும் மூன்றாண்டுத் திட்டத்தைத் தொடங்கியது. சுற்றுவட்டாரத்தில் சுமார் 3 லட்சம் மக்கள். ஊர்களில் கணினி மையங்கள் திறக்கப்பட்டன. அரசுத் திட்டங்களைப் பற்றிய விவரங்கள் இணையத்தில் ஏற்றப்பட்டன. திறன்பேசி என்ற சொல்லே புழக்கத்தில் இல்லாத காலம் அது.

இந்த முயற்சியைக் களத்தில் இருந்து ஆராய்ந்தவர் அன்கே ஷ்விட்டே. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மானிடவியல் பயின்றவர். 2008இல் வெளிவந்த அவருடைய கட்டுரை, குப்பத்தை ‘உயிருள்ள ஆய்வுக்கூடம்’ என்று தலைப்பிலேயே குறிப்பிடுகிறது. புதிய சந்தையையும் புதிய பொருள்களையும் தேடும் நிறுவனத்தின் நோக்கமும், கிராமத்தின் வளர்ச்சி என்ற நோக்கமும் ஒரே திட்டத்திற்குள் இணக்கமாக இருக்க முடியுமா என்பது அவர் எழுப்பிய கேள்வி. வங்கியில் இருக்கும் எங்களுக்கும் அக்கேள்வி பொருந்தாமல் இல்லை. கணக்குத் திறப்பதில் இலக்கு வைக்கிறோம், செயலியைப் பதிவிறக்கச் செய்வதில் இலக்கு வைக்கிறோம். பதிவிறக்கியவர் அதைத் தனியே பயன்படுத்துகிறாரா என்பதற்கு எங்கள் பதிவேட்டில் தனிப் பத்தி ஏதும் இருந்ததில்லை.

குப்பத்துத் திட்டத்தில் எங்களை மிகவும் கவர்ந்தது ஒளிப்படக்காரப் பெண்களின் முயற்சி. சுய உதவிக் குழுவைச் சேர்ந்த பெண்கள் சிலருக்கு டிஜிட்டல் கேமராவும், தூக்கிச் செல்லக்கூடிய சிறு அச்சுப்பொறியும், சூரிய ஒளியில் மின்னேற்றும் பையும் தரப்பட்டன. அடையாள அட்டைக்கும் வீட்டு விசேஷத்திற்கும் அவர்கள் அங்கேயே படம் எடுத்து அங்கேயே அச்சிட்டுக் கொடுத்தார்கள். அரசு விண்ணப்பம் எதற்கும் புகைப்படம் வேண்டும். அதற்காக நகரத்துக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும். தேவை முன்பே இருந்தது, கருவி பின்னால் வந்து அதனோடு சேர்ந்துகொண்டது. அரங்கில் திட்டம் தீட்டுகிறவர்கள் பெரும்பாலும் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறார்கள் என்பது எங்கள் கருத்து.

அடுத்தது மொழி. செயலியில் தமிழைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தால் தமிழருக்கு எளிது என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம். சித்தூர் வட்டாரத்தின் வரலாறு அதை அவ்வளவு எளிதாக விட்டுவிடவில்லை. 1911இல் வட ஆர்க்காட்டின் பகுதிகளும் கடப்பையின் பகுதிகளும் சேர்ந்து உருவானது சித்தூர் மாவட்டம். மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபின், படாஸ்கர் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தது. நகரியிலும் புத்தூரிலும் சத்தியவேட்டிலும் குப்பத்திலும் தமிழ் பேசுவோர் ஆந்திரத்திலேயே இருந்தார்கள். 2022இல் திருப்பதி தனி மாவட்டமானபோது இவ்வூர்கள் இரு மாவட்டங்களில் பிரிந்தன. இங்கே வீட்டில் தமிழ் பேசுவோர் பலர் பள்ளியில் தெலுங்கு எழுத்துகளையே கற்றார்கள். பேசும் மொழி ஒன்று, படிக்கத் தெரிந்த எழுத்து வேறொன்று. செயலியின் மொழிப் பட்டியலோ இவ்விரண்டும் ஒன்றே என்று எண்ணிக்கொண்டிருக்கிறது.

திருப்பதியை அடுத்த ஏர்ப்பேட்டில் இயங்கும் ஐஐடி 2015இல் தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் சென்னை ஐஐடி அதற்கு வழிகாட்டியது. அங்கு கணினி அறிவியல் கற்பிக்கும் ஸ்ரீதர் சிமலகொண்ட, ஹைதராபாத் ஐஐஐடியில் தம் முனைவர் பட்டத்திற்காக எடுத்துக்கொண்ட பொருள் வயது வந்தோர் கல்விக்கான மென்பொருள். இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரியாத வயது வந்தோர் 28.7 கோடி என்று யுனெஸ்கோ 2014இல் தெரிவித்தது. 22 மொழிகள், ஒவ்வொன்றிலும் வட்டார வழக்குகள். ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியே முதலிலிருந்து மென்பொருள் எழுதினால் பணமும் காலமும் போதா. ஆகவே பாட நூலின் பொதுவான அமைப்பை ஒரு முறை வரையறுத்து, எழுத்து, ஒலி, படம் ஆகியவற்றை மட்டும் மொழிக்கேற்ப மாற்றி, ஒரு குடும்பமாக மென்பொருள்களைப் பெறுவது எப்படி என்று அவர் ஆராய்ந்தார். இதற்கு முன்னோடியாக, எஃப்.சி. கோலி முன்னின்று, டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் 2000ஆம் ஆண்டில் அன்றைய ஆந்திரத்தில் கணினி வழியே எழுத்தறிவு கற்பித்தது. ஒரே அச்சில் பல மொழிகளை வார்க்கும் இந்தச் சிந்தனை வங்கிச் செயலிகளுக்கும் வரவேண்டும். எழுத்துக்குத் தெலுங்கு, குரலுக்குத் தமிழ் என்று ஒருவர் கேட்டால் அதற்கும் அந்த அச்சில் இடம் இருக்கவேண்டும்.

சரி, எழுத்தையே நீக்கிவிட்டுப் படங்களை வைத்தால் போதாதா? பெங்களூருவில் மைக்ரோசாஃப்ட் ஆய்வு நிறுவனத்தில் இந்திராணி மேதி தீஸ் இதை நீண்ட காலம் ஆராய்ந்தார். எழுத்தறிவு குறைந்தவர்களைக் கொண்டு கைப்பேசி வங்கிச் சேவையைச் சோதித்து, அவரும் உடன் பணியாற்றியோரும் 2009இல் வெளியிட்ட முடிவு சுவையானது. எழுத்து மட்டும் கொண்ட திரையை விட எழுத்தில்லாத வடிவங்களையே அவர்கள் பெரிதும் விரும்பினார்கள். படமும் ஒலியும் சேர்ந்த வடிவத்தில் வேலையை முடித்தவர்கள் அதிகம். பேச்சுவழி வடிவத்திலோ வேலை விரைவாக நடந்தது, உதவியும் குறைவாகத் தேவைப்பட்டது.

2013இல் வந்த மற்றோர் ஆய்வு இதையும் தாண்டிச் சென்றது. படங்கள் மட்டுமே இருந்தபோதும், ஒன்றினுள் ஒன்றாக அடுக்கப்பட்ட பட்டியலில் ஒரு பொருளைத் தேடுவதை விட ஒரே நீண்ட பட்டியலில் தேடுவது குறைவாகப் படித்தவர்களுக்கு எளிதாக இருந்தது. ‘சேவைகள்’ என்பதைத் தொட்டு, அதனுள் ‘கணக்குகள்’, அதனுள் ‘விவரங்கள்’, அதனுள் ‘இருப்பு’ என்று போவது எங்களைப் போல் கோப்புகளோடு வாழ்கிறவர்களுக்கு இயல்பு. பெட்டிக்குள் பெட்டியாக உலகத்தை அடுக்கிப் பார்க்கும் அந்தப் பழக்கம் பள்ளியும் அலுவலகமும் தந்தது. அது எல்லோருக்கும் இருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

பொத்தானின் அளவும் சிறிய செய்தியன்று. இலக்கு சிறிதாகவும் தொலைவாகவும் இருந்தால் கை அதை அடைய அதிக நேரம் ஆகும் என்பதைக் கணக்காகவே நிறுவினார் அமெரிக்க உளவியலாளர் பால் ஃபிட்ஸ். ஆண்டு 1954. திருப்பதியில் ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் தோன்றியதும் அதே ஆண்டில்தான். மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன விரலுக்கும், நடுங்கும் முதியவர் விரலுக்கும் அந்தக் கணக்கு இன்றும் மாறவில்லை.

இவையெல்லாம் வசதிக்கான ஏற்பாடுகள் மட்டுமல்ல என்பதை உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தெளிவாக்கியது. ஆசிட் வீச்சில் முகம் பாதிக்கப்பட்டோரும் பார்வைக் குறைபாடு உடையவரும் தொடுத்த வழக்குகள் அவை. இணையவழி கேஒய்சி சரிபார்ப்பில் கண் சிமிட்டச் சொல்கிறது திரை; இமைகள் சிதைந்தவர் எப்படிச் சிமிட்டுவார்? நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் ஆகியோர் கொண்ட அமர்வு, டிஜிட்டல் சேவைகளை அணுகும் உரிமை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஓர் அங்கம் என்று கூறி 20 உத்தரவுகளைப் பிறப்பித்தது. அத்தீர்ப்பைப் படித்த பிறகு, ‘உயிரோடிருப்பதற்கு அடையாளமாகக் கண்ணைச் சிமிட்டுங்கள்’ என்னும் வரியை எங்களால் பழையபடி கடந்துபோக முடியவில்லை.

குரல்வழிச் சேவையில் ஓரளவு முன்னேற்றம் உண்டு. சாதாரணப் பொத்தான் கைப்பேசியிலிருந்தும் பணம் அனுப்ப வழிசெய்யும் யுபிஐ 123பே சேவையை ரிசர்வ் வங்கி 2022 மார்ச் 8 அன்று அறிமுகப்படுத்தியது. ஒரு பரிமாற்றத்திற்கு உச்சவரம்பு இப்போது ₹10,000. பேசியே பணம் செலுத்தும் ‘ஹலோ யுபிஐ’ 2023இல் இந்தியிலும் ஆங்கிலத்திலும் அறிவிக்கப்பட்டது. அதன் மொழித் தொழில்நுட்பத்தில் சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் ஆய்வுக் குழுவுக்குப் பங்கு உண்டு. குப்பத்துச் சந்தையில் ஒரே மூச்சில் மூன்று மொழிகள் கலந்து பேசுபவரை இக்கருவிகள் புரிந்துகொள்ளும் நாளை நாங்கள் ஆவலோடு எதிர்நோக்குகிறோம்.

அதுவரை வாடிக்கையாளர்கள் செய்யக்கூடியவை சில உண்டு. கைப்பேசி அமைப்புகளில் எழுத்தின் அளவைப் பெரிதாக்கலாம். திரையில் இருப்பதை உரக்கப் படிக்கும் வசதி ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர் என்ற பெயர்களில் இருக்கிறது. யுபிஐ இரகசிய எண் பணம் அனுப்பவும் இருப்பைப் பார்க்கவும் மட்டுமே. பணம் பெறுவதற்கு அது ஒருபோதும் தேவையில்லை. ஏமாற்றப்பட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைக்கவேண்டும். செயலியில் எந்த இடத்தில் உங்கள் விரல் தயங்கி நிற்கிறது என்பதையும் கிளையில் சொல்லுங்கள். ‘எனக்கு இதெல்லாம் தெரியாது’ என்று சொல்லவேண்டாம், ‘இந்த இடத்தில் புரியவில்லை’ என்று சொல்லுங்கள். முன்னதைக் கொண்டு எங்களால் எதையும் திருத்த முடியாது.

பால் பணம் பார்க்க வந்த அம்மையாரின் கைப்பேசியில் மொழி தமிழாக இருந்தது. அவர் தமிழ் பேசுகிறவர் என்பதால் யாரோ அக்கறையோடு மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அவர் படித்ததோ தெலுங்கு, நான்காம் வகுப்பு வரை. மொழியைத் தெலுங்குக்கு மாற்றி, எழுத்தைப் பெரிதாக்கி, இருப்பைப் பார்க்கும் பொத்தானை முதல் திரைக்கே கொண்டுவந்தோம். பின்னுறையில் இருந்த எண்ணை அழித்துவிட்டுப் புதிய எண்ணை அவரையே அமைக்கச் சொன்னோம். மூன்று முறை தவறியது. நான்காம் முறை, முகப்பின் ஓரமாகத் திரும்பி நின்று, முந்தானையால் திரையை மறைத்துக்கொண்டு அவர் எண்களை அழுத்தினார்.