திரை திறவாமை

பெரிய கணினிகள் பல, தமக்கெனத் திரையோ விசைப்பலகையோ இல்லாமலே இயங்குகின்றன. குளிரூட்டப்பெற்ற அறைகளில் அடுக்கடுக்காக நிற்கும் அவற்றைச் சேவையகங்கள் என்பர். அவற்றை ஆள்பவர் வேறோர் ஊரில், தம் மேசைமீதுள்ள சிறு கணினியின் முன் அமர்ந்திருப்பார். எழுத்து வடிவில் அவர் விடுக்கும் ஆணைகள் தடையின்றிச் சென்று, விடையோடு மீள்கின்றன. ஆனால், படமும் பொத்தானும் கொண்ட நிரல் ஒன்றை ஏவினால், “திரையைத் திறக்க இயலவில்லை” என்னும் பொருள்பட ஒரே ஒரு வரி தோன்றி, வேலை அங்கேயே நின்றுவிடுவதுண்டு. நிரல் பழுதுற்றதோ, சேவையகம் கெட்டதோ என்று பலர் மயங்குவர். பெரும்பாலும் இரண்டும் நலமாகவே இருக்கும். தன் படத்தை எங்கே வரைவது என்று அறியாமலோ, வரைய இசைவு பெறாமலோ நிரல் திகைத்து நிற்கிறது, அவ்வளவே.

இத்திரைமுறை பிறந்த வரலாற்றைச் சிறிது அறிந்தால் காரணம் விளங்கும். அமெரிக்க நாட்டின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1983ஆம் ஆண்டு ‘அதீனா’ என்னும் திட்டம் தொடங்கப்பெற்றது. வெவ்வேறு நிறுவனங்கள் செய்த கணினிகள் அங்கே பயன்பட்டன. ஒரு கணினியில் ஓடும் நிரல் மற்றொன்றின் திரையில் தோன்றுமாறு செய்ய ஒரு பொதுமுறை வேண்டியிருந்தது. 1984ஆம் ஆண்டில் ராபர்ட் ஷைஃப்லர், ஜிம் கெட்டிஸ் என்போர் ‘எக்ஸ்’ என்னும் சாளரமுறையை வகுத்தனர். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தோன்றிய ‘டபிள்யூ’ என்னும் முறையைத் தழுவி எழுந்ததாதலின், ஆங்கில நெடுங்கணக்கில் அதற்கு அடுத்த எழுத்தே இதற்குப் பெயராயிற்று. 1987இல் வெளிவந்த இதன் 11ஆம் பதிப்பு இன்றும் வழக்கில் உள்ளது.

இம்முறையில் கற்போரைக் குழப்புவது ஒன்று உண்டு. சர்வர் என்றதும் தொலைவிலுள்ள பெருங்கணினியே நம் நினைவுக்கு வருகிறது. எக்ஸ் முறையிலோ, மேசைமீதுள்ள திரையை ஆளும் மென்பொருளே சர்வர் எனப்படும். உணவு விடுதியில் பரிமாறுவோரைச் சர்வர் என்றழைப்பது நம்மவர் வழக்கு. அதனை நினைவிற்கொண்டால் மயக்கம் நீங்கும். இங்கே பரிமாறப்படும் பொருள் திரை. அதனை வைத்திருப்பவரே பரிமாறுவோர். தொலைவிலுள்ள பெருங்கணினியின் நிரல், “இங்கே ஒரு கோடு வரைக, அங்கே இவ்வெழுத்தை இடுக” என்று கேட்டுப்பெறும் விருந்தினன் ஆகிறது.

விருந்தினன் வந்து சேர முகவரி வேண்டுமன்றோ? ‘டிஸ்பிளே’ என்னும் பெயருடைய சூழல் மாறியில் அம்முகவரி பொறிக்கப்படுகிறது. கணினியின் பெயரும், முக்காற்புள்ளியும், திரையின் எண்ணும் அதில் அடங்கும். பெயரின்றி முக்காற்புள்ளியும் 0 என்னும் எண்ணும் மட்டும் இருப்பின், நிரல் ஓடும் அதே கணினியின் திரை என்பது பொருள். மாறி வெறுமையாக இருப்பதைக் கண்டு, சேவையகத்தில் அந்த 0 முகவரியைக் கையாலே இட்டுவிட்டு, திரை திறக்கவில்லையே என வருந்துவோர் மிகப் பலர். திரையே இல்லாத பொறிக்கு அதன் சொந்தத் திரையைச் சுட்டினால் எவ்வாறு திறக்கும்?

தக்க வழி வேறு. எஸ்.எஸ்.எச். என்னும் மறைகுறி இணைப்பின் வழியாகச் சேவையகத்தினுள் நுழையும்போதே, திரைச் செய்திகளையும் அவ்வழியே கடத்துமாறு கேட்க வேண்டும். அங்ஙனம் கேட்டால் முகவரி தானாகவே அமையும். சேவையகத்தின் மெய்யான திரைகளோடு மோதாதிருக்கும் பொருட்டு, அவ்வெண் வழக்கமாக 10இல் தொடங்கும். எனவே மாறியில் 10 என்று கண்டால் வழி அமைந்தது எனக் கொள்ளலாம். ஒன்றும் இல்லையாயின், சேவையகத்தின் அமைப்புக் கோப்பில் இக்கடத்தலுக்கு இசைவு தரப்பட்டுள்ளதா என்று நோக்குக. ‘எக்ஸ்ஆத்’ என்னும் சிறு கருவி அங்கு இல்லாமையும் காரணமாகலாம்.

முகவரியும் வழியும் இருந்தும் கதவு திறவாமை உண்டு. எக்ஸ் சர்வர், வருவோரிடம் ஓர் அடையாளச் சொல் கேட்கிறது. அது 128 பிட் நீளமுள்ள எண். பயனர்தம் இல்லக் கோப்புறையில் மறைகோப்பு ஒன்றில் இருக்கும். அருகிருந்து ஊகித்து அறியத்தக்கதன்று. எஸ்.எஸ்.எச். இதில் ஒரு நுட்பம் செய்கிறது. தொலைக் கணினிக்குப் பொய்யான எண் ஒன்றைக் கொடுத்து, நிரல் அதனைக் காட்டும்போது, மேசைக் கணினியில் மெய்யெண்ணாக மாற்றிவிடுகிறது. ஆதலின் மெய்யான எண் வீட்டைவிட்டு வெளியேறுவதில்லை.

ஒருவர் தம் பெயரில் நுழைந்தபின் மேலாளர் பெயருக்கு மாறினால், முகவரி அவருடன் சென்றாலும் அடையாள எண் பழைய கோப்புறையிலேயே தங்கிவிடக்கூடும். அப்போது இணைப்பு மறுக்கப்படும். எக்ஸ்ஆத் கருவியால் அவ்வெண்ணைப் புதிய பெயருக்கும் எழுதித் தருவதே மருந்து. வட்டில் இடம் முற்றும் நிரம்பியிருந்தாலும் எண்ணை எழுத இயலாது போகும். எளிய இக்காரணத்தை ஈற்றில்தான் பலர் நினைக்கின்றனர்.

இவ்விடத்தில் பொறுமை இழந்தோர் ‘எக்ஸ்ஹோஸ்ட்’ என்னும் ஆணையோடு கூட்டற்குறி ஒன்றைச் சேர்த்து ஏவுவர். உடனே திரை திறக்கும்; அதனால் இவ்வாணை நல்ல மருந்தென்று வாய்மொழியாகப் பரவியும் உள்ளது. அது காவலனையே நீக்கிவிடும் செயலாகும். அதன்பின் அத்திரையை எட்டக்கூடிய எவரும் இணையலாம். இணைந்த நிரல் திரையில் உள்ளதைப் படம்பிடிக்கலாம். தட்டப்படும் எழுத்துகளை ஒற்றறியலாம். வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லும் அவ்வெழுத்துகளுள் ஒன்றாக இருக்கலாம்.

ஆய்வைத் தொடங்குவோர் பெரிய நிரலைத் திரும்பத் திரும்ப ஏவுதல் வீண். கடிகார முகம் ஒன்றை மட்டும் வரையும் ‘எக்ஸ்கிளாக்’ என்னும் சிறு நிரலை முதலில் ஏவுக. முட்கள் திரையில் தோன்றினால் முகவரி, வழி, அடையாளம் மூன்றும் சரியாக உள்ளன. குறையைப் பெரிய நிரலினுள்தான் தேட வேண்டும். தோன்றாவிடின், மாறியின் மதிப்பை முதலில் படிக்க வேண்டும்.