ஜவ்வாது மலைக்குப் போனால் மண்ணை அள்ளி வராதீர்கள்



நம் கூட்டங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. "காட்டைப் போய்ப் பாருங்க, அங்க யாரு உரம் போடறாங்க, யாரு மருந்து அடிக்கறாங்க?" பேச்சு சரிதான். ஆனால் காட்டுக்குப் போய் எதைப் பார்ப்பது என்று பெரும்பாலும் யாரும் சொல்லுவதில்லை. அதனால் போகிறவர்களில் பாதிப்பேர் அருவியில் குளித்துவிட்டு, பலாப்பழம் வாங்கிக்கொண்டு திரும்புகிறோம். மீதிப்பேர் கோணிப்பையோடு போய்க் காட்டு மண்ணை அள்ளி வரப் பார்க்கிறோம். முதல் தடவை ஜமுனாமரத்தூர் போனபோது நானும் கோணிப்பைக்காரன்தான்.

ஜீவாமிர்தத்துக்குக் காட்டு மண் சேர்த்தால் நுண்ணுயிர் பெருகும் என்று கேள்விப்பட்டு இரண்டு பை எடுத்துப் போயிருந்தேன். மலைக் கிராமம் ஒன்றின் ஓரத்தில், மரத்தடியில் குனிந்து சருகை ஒதுக்கும்போது பின்னாலிருந்து ஒரு பெரியவர் குரல் கொடுத்தார். "சார், அது எங்க ஊத்துக்குப் போத்தியிருக்கற கம்பளி. நீங்க ஒரு மூட்டை அள்ளுவீங்க, நாளைக்கு இன்னொருத்தர் வந்து ஒரு மூட்டை அள்ளுவாரு. அப்புறம் ஊத்து எப்படி ஊறும்?"

எனக்குச் சுருக்கென்றது. பைகளை மடித்து வைத்துவிட்டேன். அவரே கூட்டிப்போய் ஊற்றைக் காட்டினார். அதற்குப் பிறகு நாலைந்து முறை போய்விட்டேன். போய் எதைப் பார்க்க வேண்டும், எதைக் கொண்டுவர வேண்டும் என்பதை எழுதுகிறேன்.

மலை எங்கே, யாருடையது?

ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. ஜமுனாமரத்தூர்தான் மலைமேல் இருக்கும் பெரிய ஊர். போளூரிலிருந்தும் ஏறலாம், ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாகவும் வரலாம். காவலூரில்தான் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. அங்குள்ள 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986-ல் திறக்கப்பட்டது. இரவில் நகர வெளிச்சம் எட்டாத இடம் வேண்டும் என்று தேடித்தான் இந்த மலைக்கு வந்தார்கள்.

இங்கே வாழ்பவர்கள் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளம் என்று நினைக்க வேண்டாம். மலையை ஆள்பவர்கள் என்று பொருள் சொல்வார்கள், பேசுவது தமிழ்தான். சாமைதான் இவர்களின் பழைய வெள்ளாமை.

அடிவாரத்தில் முள்காடு. ஏற ஏற இலையுதிர் காடு: நெல்லி, கடுக்காய், வேங்கை, மூங்கில், புளி. ஒருகாலத்தில் சந்தனத்துக்குப் பேர்போன மலை. திருட்டு வெட்டில் பெருமரங்கள் போய்விட்டன.

முதலில் தரையைப் பாருங்கள்

மரத்தை அண்ணாந்து பார்ப்பதற்கு முன் காலடியைப் பாருங்கள். மேலே காய்ந்த முழுச்சருகு. விரலால் லேசாக விலக்கினால் பாதி மக்கிய ஈரச்சருகு. அதில் வெள்ளை நூல் போலப் பூஞ்சணம் ஓடும். அதற்கும் கீழே கருத்த, பொலபொலவென்ற மண். பார்த்துவிட்டுத் திரும்ப மூடிவிடுங்கள்.

இலையுதிர் மரங்கள் கோடைக்கு முன்னால் இலையைக் கொட்டுகின்றன. வெயில் கொளுத்தும் மாதங்களில் மண்ணுக்கு அதுதான் மூடாக்கு. மழை விழுந்ததும் சருகு மக்கத் தொடங்கும்; அதே சமயம் வேர்களும் தழைச்சத்தைத் தேடத் தொடங்கும். தேவையும் வரத்தும் ஒரே நேரத்தில் நடக்கிறது. நாம் யூரியாவை ஒரே நாளில் கொட்டிவிட்டு, பாதி காற்றோடும் நீரோடும் போவதைப் பார்த்துக்கொண்டிருந்த கதையை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இப்போது ஜீவாமிர்தத்துக்கு வருவோம். 200 லிட்டர் தண்ணீர், 10 கிலோ நாட்டு மாட்டுச் சாணம், 5 முதல் 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு. இதில் மண் எவ்வளவு? ஒரே ஒரு கைப்பிடி. அதற்கு ரசாயனம் படாத நம் வரப்பு மண்ணே போதும். காட்டு மண்ணில் இருக்கும் உயிர்கள் நிழலிலும் ஈரத்திலும் சருகைத் தின்று வாழ்பவை. அவற்றைக் கொண்டுவந்து மூடாக்கில்லாத வயலில், சித்திரை வெயிலில் விட்டால் எத்தனை பிழைக்கும்? நிழலும் சருகும் நம் வயலில் இருந்தால் உயிர்கள் தானே வரும். இல்லையென்றால் லாரி லாரியாகக் கொட்டினாலும் தங்காது.

அடுத்து தண்ணீர்

வெறுந்தரையில் மழைத்துளி விழும்போது மண் தெறிக்கும். நுண்ணிய துகள்கள் மண்ணின் துவாரங்களை அடைத்துவிடும். பிறகு வரும் மழை உள்ளே இறங்காமல் மேலோட்டமாக ஓடும். சருகு இருந்தால் துளியின் வேகம் அதிலேயே அடங்கிவிடும். தண்ணீர் மெல்ல நனைந்து, வேர் போன வழியிலும் கரையான் போன வழியிலும் இறங்கும். இறங்கிய தண்ணீர் பாறை இடுக்குகளில் நகர்ந்து, மழை நின்ற பிறகும் ஊற்றாகக் கசியும். பெரியவர் சொன்ன கம்பளி இதுதான்.

இது மலைக்காரர்களின் சங்கதி மட்டும் இல்லை. செய்யாறு இந்த மலையில்தான் பிறக்கிறது. கமண்டல நாகநதியும் இங்கிருந்துதான் இறங்குகிறது. கலசப்பாக்கம், போளூர், ஆரணிப் பக்கத்து ஏரிகளுக்கும் கிணறுகளுக்கும் தாய்வீடு மேலேதான். கீழே நாம் போர் போட்டுக்கொண்டே போகிறோம். மேலே சருகு எரிந்தால் கீழே நம் கிணறு வற்றும் என்று யோசிப்பதில்லை.

மாசி, பங்குனியில் காட்டுத்தீ பெரிய தொல்லை. சருகு எரிந்தால் அதிலிருக்கும் தழைச்சத்து புகையோடு போய்விடும். சாம்பல் சத்து கொஞ்சம் மிஞ்சும். அதையும் முதல் மழை அடித்துக்கொண்டு போகும். அணைக்காத ஒரு பீடித்துண்டு போதும். நம் வயலில் கரும்புச் சோகையையும் தாளையும் கொளுத்துவதும் இதே கணக்குத்தான். அங்கே எரிந்தால் பதறுகிறோம், இங்கே நாமே தீக்குச்சி உரசுகிறோம்.

மூன்றாவது, ஓரம்

காட்டையும் பார்த்தாயிற்று. இனி காடு முடிந்து கொல்லை தொடங்கும் இடத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். அங்கே கோடு போட்டது போல எல்லை இருக்காது. கொல்லைக்குள்ளேயே புளியும் பலாவும் நிற்கும். ஓரத்தில் புதர். நான் பார்த்த கொல்லையில் சாமை ஊடே துவரை நின்றது. கரிச்சான் குருவி மரத்தில் உட்கார்ந்து, பறந்துபோய்ப் பூச்சியைப் பிடித்துக்கொண்டு திரும்பவும் அதே கிளைக்கு வந்தது. அந்த மரம் இல்லையென்றால் அந்தக் குருவிக்கு அங்கே வேலையில்லை.

இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் வங்கியில் விவசாயக் கடன் பார்த்தவன். நில ஆய்வுக்குப் போகும்போது புதரும் மரமும் உள்ள ஓரத்தைத் 'தரிசு' என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். அதைச் சுத்தம் செய்து சமப்படுத்த நிலமேம்பாட்டுக் கடனுக்கும் பரிந்துரைத்திருக்கிறேன். அதே ஊர்களில் பிறகு போர் ஆழப்படுத்தவும் கடன் கேட்டு வந்தார்கள். இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

நாம் மட்டும் இந்தத் தப்பைச் செய்யவில்லை. பிரிட்டனில் வேல்ஸ் என்று ஒரு பகுதி. மலையும் மழையும் நிறைந்தது. அங்கே ஓக் மரக்காடுகளை ஒட்டி ஆட்டு மேய்ச்சல் நிலங்கள் இருக்கும். நிலத்துக்கு நிலம் உயிர்வேலி. முள்மரங்களை அடியில் பாதி வெட்டிச் சாய்த்துப் பின்னிவிடுவார்கள். வெட்டிய இடத்தில் துளிர்த்து வேலி அடர்ந்துவிடும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு உற்பத்தியைப் பெருக்க வேண்டும், டிராக்டர் திரும்ப இடம் வேண்டும் என்று பிரிட்டன் முழுக்க உயிர்வேலிகளைப் பிடுங்கினார்கள். அரசாங்கமே மானியம் கொடுத்தது. கடைசியில் 1997-ல் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் விதிமுறை கொண்டுவந்தார்கள்: விவசாய நிலத்து உயிர்வேலியை உள்ளாட்சிக்கு முன்கூட்டியே தெரிவிக்காமல் பிடுங்கக் கூடாது. மானியம் கொடுத்து அழித்துவிட்டு, பிறகு சட்டம் போட்டுக் காப்பாற்றுகிறார்கள். நாம் அந்தச் சுற்றுவழியில் போக வேண்டியதில்லை.

சந்தனம் நட ஆசைப்படும் புது நண்பர்களுக்கும் ஓரம் ஒரு பாடம் சொல்கிறது. சந்தனம் தனியாக வாழாது. அதன் வேர் பக்கத்துச் செடியின் வேரைப் பற்றிச் சத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். சுற்றிலும் மொட்டையாக வைத்துவிட்டுச் சந்தனத்தை மட்டும் வரிசையாக நட்டால் நலிந்துதான் போகும். கன்றாக இருக்கும்போதே துவரை, அகத்தி போன்ற துணைச்செடி வேண்டும். சொந்த நிலத்தில் வளர்க்கலாம். ஆனால் வெட்ட வனத்துறை அனுமதி தேவை என்பதையும் நினைவில் வையுங்கள்.

என் நிலத்தில் செய்தது

என் நிலத்தின் மேட்டுப்பக்கத்தில் 15 அடி அகலம், 200 அடி நீளத்துக்கு உழவை நிறுத்தினேன். மொத்தம் 3,000 சதுர அடி, கிட்டத்தட்ட 7 சென்ட். "நல்ல நிலத்தை வீணாக்கறீங்களேப்பா" என்று வீட்டில் மகள்கூடச் சொன்னாள். கிளுவைப் போத்து, நொச்சி, ஆடாதொடை, இடையில் புங்கனும் பூவரசும் வைத்தேன். நாலு வருடம் ஆகிறது.

கிணறு பொங்கி வழிகிறது என்று பொய் சொல்ல மாட்டேன். ஒருவர் விடும் 7 சென்ட்டில் நிலத்தடி நீர் உயராது. நடந்தது இவ்வளவுதான்: புங்கனில் கழித்த தழை மூடாக்குக்கு ஆகிறது. நொச்சியும் ஆடாதொடையும் பூச்சிவிரட்டிக்கு ஆகிறது. ஆடும் வாய் வைப்பதில்லை. கத்தரிக்கு நாலு நாளைக்கு ஒருமுறை கட்டிய தண்ணீர் இப்போது ஆறு நாளைக்கு ஒருமுறை போதுகிறது. மேட்டிலிருந்து மண் அரித்து வருவது நின்றுவிட்டது. ஓரத்து வரிசையில் நிழலால் விளைச்சல் கொஞ்சம் குறைவதும் உண்மை. வரவு செலவு பார்த்தால் எனக்கு லாபம்தான்.

சாமைக்கு நாம் செய்ய வேண்டியது

காட்டைக் காப்பாற்ற வேண்டும் என்று நாம் பேசுகிறோம். அதன் பக்கத்தில் வாழ்பவர்களுக்கு வெள்ளாமை கட்டுப்படியாக வேண்டாமா? சாமை மானாவாரியில் வருவது. அதிக உரமும் கேட்காது. ஆனால் உமி நீக்குவது லேசில்லை. அந்தக் காலத்தில் உரலில் குத்தியது எல்லாம் பெண்கள்தான். அதனால் பலர் உமியோடு அப்படியே வியாபாரிக்குப் போட்டுவிடுகிறார்கள். அரிசியாகி நகரத்துக் கடையில் உட்காரும்போது விலையே வேறு. 2023-ஐ உலகச் சிறுதானிய ஆண்டு என்று கொண்டாடினோம். கொண்டாட்டத்தில் மலைக்காரருக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பதுதான் கேள்வி. சாமை கட்டுப்படியாகாவிட்டால் வேறு பயிர் தேடுவார்கள், இல்லை கூலிக்குக் கீழே இறங்குவார்கள். யாரையும் குறைசொல்ல முடியாது. ஆகவே போகும்போது விளைவித்தவர்களிடமோ அவர்கள் நடத்தும் குழுவிடமோ நேரடியாகச் சாமை, தேன், புளி வாங்குங்கள். பேரம் பேசாதீர்கள். தவிடு நீக்காத சாமையாகக் கேளுங்கள்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை

ஒருமுறை பங்குனியிலும் ஒருமுறை ஐப்பசியிலும் போங்கள். ஒரே மரத்தடியை இரண்டு தடவையும் பார்த்தால் நான் எழுதியதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள். 2006 வன உரிமைச் சட்டப்படி சிறுவனப் பொருள் சேகரிக்கும் உரிமை அங்கே வாழும் மக்களுக்கு உண்டு. சுற்றிப்பார்க்கப் போகும் நமக்கு இல்லை. உள்ளூர்க்காரர் ஒருவரை வழிகாட்டக் கூப்பிடுங்கள், அவருடைய ஒருநாள் கூலியைக் கொடுத்துவிடுங்கள். பீமன் அருவிக்குப் போனால் சோப்பு, ஷாம்பு வேண்டாம். அந்தத் தண்ணீர் கீழே யாரோ ஒருவருடைய வயலுக்குப் போகிறது.

ஊருக்குத் திரும்பியதும் உங்கள் நிலத்தில் ஒரு ஓரத்தை, அரை சென்ட்டானாலும் சரி, உழாமல் விட்டுப் பாருங்கள். கோணிப்பை எடுத்துப் போக வேண்டாம். சாமை வாங்க ஒரு துணிப்பை போதும்.