உங்களுக்குத் தெரியுமா? – அடைக்கோழி

நாமக்கல் பண்ணைகளில் ஆண்டுக்கு 300 முட்டை வரை இடும் வெள்ளை லெகார்ன் வழிக் கோழிகள் அடைக்கு உட்காருவது அபூர்வம். உட்கார்ந்தால் முட்டை நின்றுபோகும். அதனால் உட்காராத கோழிகளாகவே பொறுக்கித் தலைமுறை தலைமுறையாகப் பெருக்கிவிட்டார்கள். பண்ணைக்காரர் குறை என்று கழித்த குணத்தைத்தான் வீட்டில் நாலு கோழி வளர்ப்பவர் சந்தையில் விசாரித்து வாங்குகிறார்.

*

அடைக்கு வந்த கோழியை ஆட்டிவைப்பது புரோலாக்டின் என்ற ஹார்மோன். முட்டையிடுவது நிற்கும், தீனி குறையும், நெஞ்சடியில் இறகு உதிரும். வெறுந்தோல் பட்டால்தானே முட்டைக்குச் சூடு இறங்கும்!

*

நம் ஊரில் அடைக்கு முதல் பெயர் சிறுவிடை. ஒரு ஈடு முட்டை இட்டு முடித்ததும் தானே கூடையில் போய்ப் படுத்துக்கொள்ளும். உடம்பு லேசு, முட்டை உடைவது குறைவு. பத்துப் பன்னிரண்டு முட்டைக்கு மேல் வைத்துப் பேராசைப்படாதீர்கள். ஓரத்து முட்டைகளுக்குச் சூடு எட்டாது.

பெருவிடையும் விடாப்பிடியாக உட்காரும். குஞ்சுக்கு ஆபத்து என்றால் நாயையும் எதிர்க்கும். எடைதான் சிக்கல். கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா என்று முதலில் கேட்டவர் சிறுவிடை வளர்த்தவராக இருக்க வேண்டும்.

*

மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா கடக்நாத்துக்கு 2018-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தோல், கறி, எலும்பு எல்லாம் கறுப்பு, விலையும் அதிகம். அடை காப்பதில் மட்டும் சோம்பேறி. அதன் முட்டையைச் சிறுவிடைக்கு அடியில் வைப்பதே புத்திசாலித்தனம்.

*

பூனை ரோமம் போன்ற இறகுள்ள கோழிகளைச் சீனாவில் கண்டதாக மார்க்கோ போலோவின் பயணக் குறிப்பு சொல்கிறது. அது இன்றைய சில்க்கியாக இருக்கலாம். காலில் ஐந்து விரல், பறக்க வராது, ஆனால் அடைக்கு அடிக்கடி தயார். அழகுக்கு வாங்குகிறவர்கள் அதிகம். வாத்து, காடை முட்டைகளைப் பொரிக்கவும் இதை நம்புகிறார்கள்.

*

கோழிக்கு நாள்கணக்கு தெரியாது. தன் முட்டைக்கு 21 நாள்; வாத்து முட்டையை வைத்தால் 28 நாளும் எழாமல் காக்கும். அந்த ஒரு வாரக் கூடுதலுக்குத் தீனியும் தண்ணீரும் பக்கத்திலேயே இருக்கட்டும், பாவம்.

*

இனம் பாதி, தனிக்கோழி மீதி. நல்ல முட்டையை நம்பி ஒப்படைக்கும் முன் இரண்டு கூமுட்டையை வைத்துப் பாருங்கள். கையை நீட்டினால் இறகைச் சிலிர்த்துக் கொத்த வர வேண்டும். இரண்டு மூன்று இரவு இடம் பெயரக் கூடாது. பகலில் உட்கார்ந்துவிட்டு அந்தியில் கூரைக்கம்புக்குப் போகும் கோழி, அடைக்கோழி அல்ல. இடம் மாற்றுவதாக இருந்தால் இருட்டிய பிறகு மாற்றுங்கள்.

*

அடை தெளிய மூக்கில் இறகைக் குத்துவது பழைய வழக்கம். கொடுமை அது. அடியில் காற்று புகும் கம்பிவலைக் கூண்டில் சில நாள் விட்டால், நெஞ்சடி குளிர்ந்து தானே தெளியும்.

*

இடிச் சத்தத்தில் முட்டை கெடாதிருக்க அடைக்கூடையில் இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் போடுவார்கள். இரும்பு இருந்துவிட்டுப் போகட்டும். சேவல் சேராத முட்டையும், அடைக்கு வைக்கும் முன்பே பத்து நாளுக்கு மேல் சூட்டில் கிடந்த முட்டையும் இடி இல்லாமலே ஏமாற்றிவிடும். ஏழாம் நாள் இரவில் டார்ச் வெளிச்சத்தில் பிடித்தால், கரு வளரும் முட்டையில் சிலந்தி வலைபோல ரத்த நாளங்கள் தெரியும்.