'டிட் நாட் வென்ட்': திருத்தம் தமிழிலேயே இருக்கிறது

மேட்டூர் அணை திறப்பைப் பற்றி ஆங்கிலத்தில் பத்து வரி எழுதச் சொன்னால், தஞ்சைப் பிள்ளைகளுக்கு விஷயத்தில் குறைவிருக்காது. ஜூன் 12-இல் தண்ணீர் வந்தால் குறுவை உண்டு, தள்ளிப்போனால் சம்பாதான் என்பது ஆறாம் வகுப்புக்கே தெரியும். இடறுவது வாக்கியத்தில்தான். "மை ஃபாதர் டிட் நாட் வென்ட் டு தி ஃபீல்ட்" என்ற வரி என் வகுப்பில் எந்த ஆண்டும் தவறியதில்லை.

'தமிழில் யோசித்து எழுதுவதால் வரும் பிழை' என்று இதை ஒதுக்கிவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. தமிழைக் கவனித்திருந்தால் இந்தப் பிழையே வந்திருக்காது. 'போனார்' என்பதன் எதிர்மறை 'போகவில்லை'. 'போனாரில்லை' என்று நம் பிள்ளைகள் பேசுவதில்லை. 'போக' என்ற எச்சத்தில் காலம் காட்டும் இடைநிலை கிடையாது. ஆங்கிலமும் இதையே செய்கிறது. இறந்தகாலத்தை 'டிட்' சுமந்துகொள்வதால் 'வென்ட்' வெறும் 'கோ' ஆகிவிடுகிறது.

கரும்பலகையில் ஒரு பக்கம் போனார் – போகவில்லை, வந்தார் – வரவில்லை, பார்த்தார் – பார்க்கவில்லை என்று எழுதுகிறேன். எதிர்ப்பக்கம் வென்ட் – டிட் நாட் கோ, கேம் – டிட் நாட் கம். மூன்றாவதைப் பிள்ளைகளே நிரப்புவார்கள். விதியையும் பெரும்பாலும் அவர்களே சொல்லிவிடுவார்கள். கேள்வி வாக்கியத்துக்கு இந்த வழி உதவாது. 'போனாயா' என்பதில் காலம் வினையிலேயே நிற்கிறது. எனவே 'டிட் யூ கோ' என்பதற்குத் தனிப் பயிற்சி வேண்டும்.

'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்' என்பதும் இப்படித்தான். 'என் நண்பர்களில் ஒருவன் வந்தான்' என்று சொல்லச் சொல்லுங்கள். நண்பர்கள் பன்மை, வந்தான் ஒருமை. ஆங்கிலத்திலும் 'ஃப்ரெண்ட்ஸ்' பன்மை, வினை ஒருமை. 'எவ்ரி ஸ்டூடண்ட்ஸ்' என்று எழுதுபவரிடம் 'ஒவ்வொரு மாணவர்களும்' என்பது சரியா என்று கேட்டாலே போதும். (இன்று சில மேடைகளில் அதுவும் கேட்கிறது!)

தமிழ் இழுத்துவிடும் இடங்களும் உண்டு. 'பற்றி' என்பது 'டிஸ்கஸ் அபவுட்' ஆகிறது. 'சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்', 'மாடு வைத்திருக்கிறேன்' இரண்டிலும் 'இருக்கிறேன்' வருவதால் 'ஐ ஆம் ஹேவிங் டூ கவ்ஸ்' பிறக்கிறது. உடைமைக்கு 'ஐ ஹேவ்' மட்டுமே. ஆனால் 'ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்' சரியானது; சாப்பிடுவது நடந்துகொண்டிருக்கும் செயல். அதையும் சேர்த்து அடித்துவிடக் கூடாது.

மொழியியலாளர் பிட் கார்டர் 1967-இல் எழுதிய கட்டுரையில் கைத்தவறு வேறு, பிழை வேறு என்று பிரித்தார். வகுப்பில் இதைச் சோதிப்பது எளிது. வரியின் கீழ் கோடு மட்டும் போட்டு நோட்டைத் திருப்பிக் கொடுங்கள். பிள்ளையே திருத்திவிட்டால் அது கைத்தவறு. அதற்குப் பாடம் நடத்த வேண்டாம். திருத்தத் தெரியாமல் நின்றால், அங்கே அவர் மனத்தில் வேறொரு விதி இருக்கிறது.

பக்கம் முழுக்கச் சிவப்பு மை பட்ட பிள்ளை, அடுத்த முறை மூன்று சொல் வாக்கியங்களுக்குள் ஒதுங்கிக்கொள்கிறது. அதில் பிழை இராது. அப்பாவும் வயலும் தண்ணீரும் இரா. அதனால் ஒரு வாரத்துக்கு ஒரே வகைப் பிழையைத்தான் திருத்துகிறேன். 'இந்த வாரம் டிட் நாட்' என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன். மற்றவற்றை என் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வேன். பொதுத்தேர்வு நெருங்கும் பத்தாம் வகுப்பில் அவ்வளவு அவகாசம் இல்லை. அங்கே வாரம் இரண்டு வகை.