நிலை நாணயம்: கிடங்கில் சரக்கு உண்டா?



"இந்தக் காயின் என்றைக்கும் ஒரு டாலர்தான். விலை இறங்காது. ஆண்டுக்கு 20 சதவீதம் வட்டி" என்ற பேச்சு செங்கல்பட்டு, மதுராந்தகம் கடைவீதிகளிலும் அடிபடுகிறது. மாமல்லபுரம் கடைக்காரர்களுக்கு டாலர் புதிதல்ல. ஆனால் டாலர் வேறு, டாலர் என்று பெயர் சொல்லும் காயின் வேறு. இதை விளக்கவே இக்கட்டுரை.

நிலை நாணயம் இரு வகை. டெதர் போன்றவை, வெளியிட்ட நாணயத்துக்கு ஈடாக டாலரும் அமெரிக்க அரசுப் பத்திரமும் கையிருப்பில் வைத்திருப்பதாகச் சொல்பவை. மற்றொரு வகைக்கு அப்படி ஈடு கிடையாது. கணினியில் எழுதிய ஒரு கணக்கு முறையே விலையைக் காக்கும் என்பார்கள். ஆபத்து அதிகம் உள்ளது இவ்வகையில்தான்.

நம் தொழிலை வைத்தே பார்ப்போம். ஒரு மண்டிக்காரர் 100 ரூபாய்ச் சீட்டு வெளியிடுகிறார். அதைத் திருப்பிக் கொடுத்தால் அரிசி தரமாட்டார். அன்றைய விலையில் 100 ரூபாய் பெறும் தம் பங்குச் சீட்டுகளைத் தருவார். பங்குச் சீட்டை வாங்க ஆள் இருக்கும்வரை குறையில்லை. ஒருநாள் எல்லோரும் ஒன்றாக வந்தால், அவர் பங்குச் சீட்டை எழுதிக்கொண்டே போகவேண்டும். எழுத எழுத அதன் விலை சரியும். சரியச் சரிய இன்னும் அதிகம் எழுதவேண்டும். கிடங்கில் ஒரு மூட்டைகூட இல்லை!

தென்கொரியரான டோ குவான் தொடங்கிய டெர்ரா திட்டத்தில் 2022 மே மாதம் நடந்தது இதுவே. யூ.எஸ்.டி. என்பது சீட்டு, லூனா என்பது பங்குச் சீட்டு. சுமார் 35 கோடியாக இருந்த லூனா எண்ணிக்கை சில நாட்களில் 6.5 லட்சம் கோடியானது. ஏப்ரலில் 100 டாலரைத் தாண்டிய லூனா ஒரு காசும் பெறாமல் போயிற்று. சுமார் 80,000 பிட்காயின் கையிருப்பு இருந்தும் தாங்கவில்லை. உலகெங்கும் சுமார் 4,000 கோடி டாலர் மதிப்பு அழிந்தது.

ஆங்கர் என்ற அத்திட்டத்தின் வைப்புப் பிரிவு தந்த வட்டி ஏறத்தாழ 19.5 சதவீதம். கடன் வாங்கியோர் கட்டிய வட்டி அதற்குப் போதவில்லை. 2022 பிப்ரவரியில் 45 கோடி டாலரை வெளியிலிருந்து கொண்டுவந்து போட்டே வட்டி கொடுத்தார்கள். 2021 மே மாதமே ஒருமுறை விலை சறுக்கியது. கணக்கு முறையே அதைச் சரிசெய்தது என்றார்கள். உண்மையில் ஒரு வணிக நிறுவனம் மறைவாக வாங்கித் தூக்கி நிறுத்தியது. குவான் 2025 ஆகஸ்டில் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

எனவே யார் எந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தாலும் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும்.

1. ஈடாக உள்ள சரக்கு என்ன? எங்கே இருக்கிறது? தணிக்கை செய்தவர் யார்?

2. வட்டி எந்த வியாபார லாபத்திலிருந்து வருகிறது? புதிதாகச் சேருவோர் பணம்தான் வட்டி என்றால் விலகி நில்லுங்கள்.

3. எல்லோரும் ஒரே நாளில் பணம் கேட்டால் கொடுக்க முடியுமா?

4. ரூபாயாகத் திரும்பும்போது கையில் நிற்பது எவ்வளவு? லாபத்தில் 30 சதவீத வருமான வரி உண்டு. நஷ்டத்தை வேறு வருமானத்தில் கழிக்க முடியாது. வரம்புக்கு மேற்பட்ட விற்பனையில் 1 சதவீதம் பிடித்தமும் உண்டு.

வங்கி வைப்புக்கு உள்ள 5 லட்சம் ரூபாய்க் காப்பீடு இதற்குக் கிடையாது. கிரிப்டோ நாணயம் சொத்து என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் கூறியது உண்மையே. ஆனால் சொத்து என்பதால் விலை நிற்கும் என்று பொருளில்லை.

நம் கடை முதலில் பாதி, மொத்த வியாபாரி தந்த கடன் சரக்கு. அந்தப் பணம் முடங்கினால் தவணை தவறும். தவணை தவறினால் அடுத்த லோடு வராது. நாணயம் என்ற சொல்லுக்கு நம் தொழிலில் காசு என்றும் பொருள், நேர்மை என்றும் பொருள். இரண்டும் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே கல்லாவைத் திறக்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.