குள்ளரும் மந்திரக்கோலும்

1974-இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் விளையாட்டில், ஆடுவோர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்று, அதுவாகவே பேசிக் கதையை வளர்ப்பர். அதில் மந்திரவாதியும் உண்டு. குள்ளர் இனமும் உண்டு. ஆயின், குள்ளன் மந்திரவாதியாதல் கூடாது என்பது விதி. மந்திரம் அவன்மேல் எளிதிற் பலிக்காதாம்; பலிக்காதவனுக்குக் கைவரவும் செய்யாது போலும்!

இவ்விலக்கு வியப்புக்குரியது. ஐஸ்லாந்தின் பழங்கதைகளில் மாயப் படைக்கலங்களை ஆக்கியோர் குள்ளரே. இடித்தேவனாகிய தோரின் சம்மட்டி அவர்தம் உலையிற் பிறந்தது. துருத்தி ஊதியவனின் இமையை ஈயொன்று கடித்தமையால் அதன் பிடி குட்டையாயிற்றென்பது கதை. ஓடினின் ஈட்டியும் குள்ளர் கைவினையே.

இதனினும் விந்தை ஒரு பெயரில் உள்ளது. டோல்கீன் 1937-இல் வெளியிட்ட 'ஹாபிட்' கதையில் வரும் மந்திரவாதி காண்டால்ஃப். அப்பெயர் 'வோலுஸ்பா' என்னும் பழம்பாட்டின் குள்ளர் பெயர்வரிசையிலிருந்து எடுக்கப்பட்டது. அதன் முற்பகுதி கோலைக் குறிக்கும். தொடக்க வரைவில் அது குள்ளர் தலைவனின் பெயராகவே இருந்தது. பின்னரே மந்திரவாதிக்கு மாறிற்று.

விளையாட்டின் விலக்கு 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில் நீங்கிற்று. இன்று குள்ள மந்திரவாதியைப் படைப்போர், அவனை ஏட்டின்முன் அமர்த்துவதினும் உலைமுன் நிறுத்துதல் பழங்கதைக்கு இயையும்.