வீட்டிலிருந்து வருவதல்ல அந்தக் கோபம்

உத்திரமேரூரில் விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ்கள் ஓடத் தொடங்கிவிடுகின்றன. சாலவாக்கம், மானாம்பதி, திருப்புலிவனம் என்று சுற்றுவட்டார ஊர்ப் பெண்கள் கழுத்தில் அடையாள அட்டையும் கையில் டிபன் பாக்ஸுமாகச் சாலையோரம் நிற்கிறார்கள். ஒரகடம், சுங்குவார்சத்திரம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளுக்குப் போகிறவர்கள். ஏறி உட்கார்ந்ததும் பலர் தூங்கிவிடுவார்கள். தூங்காதவர்களின் பேச்சு பெரும்பாலும் ஒரே கேள்வியில்தான் தொடங்கும்: "இன்னிக்கு நம்ம லைன்ல எந்த சார்க்கா?"

அன்றைய சூப்பர்வைசர் யார் என்ற பதிலைப் பொறுத்து முகம் மாறுகிறது. நல்லவர் பெயர் வந்தால் வீட்டுக் கதை, நகைச்சீட்டுக் கதை என்று பேச்சு ஓடும். மற்றவர் பெயர் வந்தால் வாலாஜாபாத் தாண்டும்வரை யாரும் வாய் திறப்பதில்லை. வேலை தொடங்க இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. அன்றைய நாள் எப்படிப் போகும் என்பது அதற்குள் அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

"வீட்டுப் பிரச்சினையை வீட்டிலேயே விட்டுட்டு வாங்க" என்பது எல்லா ஆலைகளிலும் பயிற்சி நாளிலேயே சொல்லப்படும் அறிவுரை. கோபம், சோர்வு, எரிச்சல் எல்லாம் தொழிலாளி வீட்டிலிருந்து மூட்டை கட்டிக் கொண்டுவருபவை, வாசலில் இறக்கிவைத்துவிட்டு உள்ளே வரவேண்டும் என்பது அதன் பொருள். குடிக்கிற புருஷன், பீஸ் கட்டாத பிள்ளை, காய்ச்சலில் கிடக்கும் மாமியார் எல்லாம் உண்மைதான். ஆனால், வேலையைக் கெடுக்கும் மனநிலையில் பெரும்பங்கு வேலையிடத்திலேயே உண்டாகிறது என்பதே இந்தப் பெண்களிடம் பேசியதில் எனக்கு உறுதியானது. அங்கே உண்டானதை அவர்கள் வீட்டுக்குத்தான் சுமந்து போகிறார்கள்.

லைனில் அது எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். ஷிப்ட் தொடங்கிய சற்று நேரத்தில் ஒருத்தியை இருபது பேர் முன்னால் திட்டுகிறார்கள். அவள் அழுதுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலையைத் தொடர்கிறாள். டார்கெட்டும் முடிந்துவிடுகிறது. ஆனால், அதற்குப் பிறகு தன் கைக்கு வரும் பாகத்தில் ஒரு கீறல் தெரிந்தால் அவள் கையைத் தூக்கமாட்டாள். சொன்னால் 'நீதான் போட்டே' என்பார்கள். பக்கத்தில் இருப்பவளும் சொல்லமாட்டாள். பயம் கையை வேகமாக ஓடவைக்கும், வாயை மூடிவிடும். அந்தக் கீறல் கடைசிச் சோதனையில் நூறு பெட்டிகளோடு சேர்ந்து திரும்பி வரும்போது இன்னும் பெரிய திட்டு விழும்.

அமெரிக்க ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல தலைமை உள்ள குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கு தலைகீழாக இருந்தது: அங்கேதான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. தவறு அதிகம் நடந்ததால் அல்ல, சொல்லப் பயமில்லாததால்தான் அப்படி என்ற முடிவுக்கு அவர் வந்தார். மற்ற குழுக்களில் தவறுகள் மறைக்கப்பட்டன.

தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. பேய்க்கும் புலிக்கும் திருடனுக்கும் பக்கத்தில் தன்னை ஆள்பவனையும் வைக்கிறார் தொல்காப்பியர். அழுகை பிறக்கும் நான்கில் முதலாவது இளிவு. ஒருவர் முன்னால் சிறுமைப்படுவது. இழப்பும் வறுமையும்கூட அதற்குப் பின்னால்தான் வருகின்றன. லைனில் நின்று அழுத எந்தப் பெண்ணுக்கும் இந்த வரிசை புரியும்.

சூப்பர்வைசர்களையும் சேர்த்தே பார்க்கவேண்டும். அவர்களில் பலர் டிப்ளமா முடித்த இருபத்தைந்து வயது இளைஞர்கள். மணிக்கு ஒருமுறை எத்தனை முடிந்தது என்று மேலே கணக்குச் சொல்லவேண்டும். குறைந்தால் அவர்களுக்கும் அதே திட்டுதான். இயந்திரத்தை ஓட்டக் கற்றுக்கொடுத்த நிர்வாகம், தன் அக்கா வயதுப் பெண்ணிடம் எப்படிப் பேசவேண்டும் என்று ஒருநாளும் கற்றுக்கொடுத்திருக்காது.

மனநிலை எப்படித் தொற்றும், எங்கே போய் வெடிக்கும் என்பதற்கு காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே ஒரு பெரிய சான்று இருக்கிறது. 2021 டிசம்பர் நடுவில், பூந்தமல்லி அருகே ஒரு விடுதியில் தங்கியிருந்த ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் 250-க்கும் மேற்பட்டோருக்கு உணவு நஞ்சானது. 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஒரே அறையில் நெருக்கிப் படுக்கவேண்டியிருந்ததும், கழிப்பறையில் தண்ணீர் வராததும் பிறகு செய்திகளில் வந்தன. அவர்களோ அதை மாதக்கணக்கில் பொறுத்துக்கொண்டுதான் ஐபோன் செய்துகொண்டிருந்தார்கள். மருத்துவமனைக்குப் போன தோழிகள் என்ன ஆனார்கள் என்று கேட்டவர்களுக்குச் சரியான பதில் கிடைக்கவில்லை. சிலர் இறந்துவிட்டார்கள் என்ற வதந்தி செல்போனுக்குச் செல்போன் பரவியது. 17-ஆம் தேதி இரவு பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். மறுநாளும் எழவில்லை.

அந்த வதந்தி பொய். யாரும் இறக்கவில்லை. ஆனால், அதை ஆயிரக்கணக்கானோர் ஏன் உடனே நம்பினார்கள்? இதைக் கேட்காமல் 'வதந்தியால் போராட்டம்' என்று எழுதி முடித்தவர்கள் விஷயத்தைத் தவறவிட்டுவிட்டார்கள் என்பேன். குறை சொன்னால் பதில் வராத இடத்தில், மோசமான சேதிதான் நம்பும்படி இருக்கும். சுமார் 17,000 பேர் வேலை பார்த்த ஆலை மூடப்பட்டது. விடுதிகளும் உணவுக்கூடங்களும் தங்கள் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிள் நிறுவனம் அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. 2022 ஜனவரி 12 அன்றுதான் மீண்டும் கதவு திறந்தது. சோற்றிலும் தண்ணீரிலும் மிச்சம் பிடித்த காசு இந்த இழப்புக்கு முன் எத்தனை சிறியது!

2024-இல் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் செப்டம்பர் 9 தொடங்கி அக்டோபர் 15 வரை நடந்த வேலைநிறுத்தத்தில் ஊதியக் கோரிக்கையும் இருந்தது. ஆனால், 37 நாள் தொழிலாளர்களை வெளியே நிறுத்தியது சங்கத்தை அங்கீகரிக்கவேண்டும் என்பது. எங்கள் சார்பில் பேச எங்களுக்கு ஓர் ஆள் வேண்டும் என்பதுதானே அது?

பழைய வேலையிடம் மேலாக இருந்ததா? வயிரமேகத் தடாகம் என்று கல்வெட்டுகளில் பெயர் பெற்ற உத்திரமேரூர் ஏரியின் பாசனத்தில் இன்றும் நடவு நடக்கிறது. வயதான பெண்கள் நடவுப் பாட்டைப் பற்றி ஆசையாகச் சொல்கிறார்கள். ஒருத்தி எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் பின்பாடுவார்கள். இடுப்பு வலியும் வெயிலும் பாட்டில் கரையும், கைகள் ஒரே சீராகப் போகும். ஒருத்தி சோர்ந்தால் பக்கத்தில் இருப்பவள் அவள் வரிசையையும் சேர்த்து நட்டுவிடுவாள். செல்போனை லாக்கரில் வைத்துவிட்டு, பேசவும் தடை உள்ள லைனில் இந்த ஆறுதல் இல்லை. ஆனால், அதே பெண்களைக் கொஞ்சம் கிளறினால் வரப்பில் நின்று சாதியைச் சொல்லித் திட்டியவர்களின் கதையும் வரும். "பாட்டுப் பாடுனோம். ஆனா எம்பொண்ணு சேத்துல எறங்கக்கூடாதுன்னுதான் படிக்க வெச்சேன்" என்றார் ஒருவர். மாதம் பிறந்தால் வங்கியில் விழும் சம்பளத்துக்கு ஒரு மரியாதை இருக்கிறது. அதற்காகத்தான் மகள்கள் அந்த பஸ்ஸில் ஏறுகிறார்கள். அங்கேயும் அதே ஏச்சு கிடைக்கும்போது வலி கூடிப்போகிறது.

சிரிப்பையே வேலையாகச் செய்பவர்களும் உண்டு. காஞ்சிபுரம் காந்தி சாலைப் பட்டுக்கடைகளில் முகூர்த்த மாதத்தில் ஒரு குடும்பத்துக்கு நூறு புடவை விரித்துக் காட்டி, ஒன்றும் எடுக்காமல் போனாலும் "வாங்கம்மா" என்று வழியனுப்பவேண்டும். உள்ளே ஒன்று, முகத்தில் வேறொன்று என்று நாள் முழுக்க நடத்தும் இந்த உழைப்பை, விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து 1983-இல் நூலாக எழுதினார் ஆர்லி ஹாக்ஷீல்ட் என்ற அமெரிக்க சமூகவியலாளர். அதற்குச் சம்பளச் சீட்டில் இடமில்லை. நம் ஊரில் அந்தச் சிரிப்பை நின்றுகொண்டே சிரிக்கவேண்டியிருந்தது. கேரளம் 2018-இல் வழிகாட்டியது, 2021-இல் தமிழ்நாடும் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று சட்டம் திருத்தியது. வாடிக்கையாளர் இல்லாதபோது கால் நீட்டி உட்கார முடிந்த பெண்ணின் முகம் அடுத்தவர் வரும்போது தானாகவே வேறாக இருக்கும். புன்னகைப் பயிற்சிக்கு ஆகும் செலவில் நாலு ஸ்டூல் வாங்கிப் போடலாம்.

விருப்பு வெறுப்பைத் தனி மனிதரின் நல்ல குணத்துக்கு விட்டுவிடாமல் விதியாலேயே கட்டலாம் என்று உத்திரமேரூர் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே எழுதிவைத்தது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள முதலாம் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளின்படி, ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, குடவோலை முறையில் ஆள் தேர்ந்தெடுக்கும்போது குடத்திலிருந்து ஓலையை எடுப்பவன் விவரம் அறியாத சிறுவன். வாங்கிப் படிப்பவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்கவேண்டும். மூன்று ஆண்டுக்குள் வாரியத்தில் இருந்தவருக்கு மறுபடி இடமில்லை. கணக்குக் காட்டாதவருக்கும் அவர் நெருங்கிய உறவினருக்கும் இல்லை. நிலமும் கல்வியும் உள்ள ஆண்களுக்கு மட்டுமான சபை அது, அந்தக் குறையை மறைக்கவேண்டியதில்லை. ஆனாலும் கோபமும் பாசமும் புகும் ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைத்த அந்தக் கவனம் இன்றைய லைன்களில் இல்லை. யாருக்கு ஓ.டி., யாருக்கு நைட் ஷிப்ட், யாருக்கு லீவு என்பது பல இடங்களில் இன்னும் ஒருவரின் அன்றைய மனநிலையில்தான் இருக்கிறது.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாய் செலவில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது. 2021-இன் பாடம் கட்டடமாக எழுந்திருக்கிறது, மனம் நிறைகிறது. உத்திரமேரூர் பஸ் பெண்கள் கேட்பவை அதைவிடச் சிறியவை. ஷிப்ட் பட்டியலை ஒரு வாரம் முன்னால் ஒட்டுங்கள். மாதவிடாய் நாளில் லீவு கேட்க ஓர் ஆணிடம் போய்க் காரணம் சொல்லவைக்காதீர்கள். தப்பு செய்தால் திட்டுங்கள், ஆனால் தனியாகக் கூப்பிட்டுத் திட்டுங்கள். கடைசிக் கோரிக்கை ஒப்பந்தத் தொழிலாளிகளுடையது. 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் நல அலுவலர் இருக்கவேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே விதித்தது. அவரிடம் போனால், "உன் கான்ட்ராக்டரிடம் போய்ச் சொல்" என்று திருப்பி அனுப்புகிறார்கள் என்கிறார்கள் இவர்கள். அதே லைனில் நின்று அதே பொருளைச் செய்யும் இவர்களுடைய புகாரையும் அவரே எழுதி வாங்கவேண்டும், அவர் உற்பத்தி மேலாளருக்குக் கீழே இருக்கக்கூடாது.